ஐயுற்று அறிந்தவர்: ஜே. பி. எஸ். ஹால்டேன்

நுழையும்முன்

உயிர் எப்போது, எங்கே, எவ்வாறு தோன்றியது என்பது மனிதகுலத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. சமயங்களும் தத்துவங்களும் அதற்குப் பல விடைகளைத் தந்துள்ளன. 20ஆம் நூற்றாண்டில் அறிவியலும் ஒரு விடையை முன்வைத்தது. அவ்விடையை முன்வைத்தவர்களுள் ஒருவர், அதனை முற்றமுடிந்த உண்மையாகக் கொள்ளாமல் இறுதிவரை ஐயுற்று ஆராய்ந்தார். இங்கிலாந்தில் பிறந்து இந்தியராக மறைந்த அவ்வறிஞரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

பாறைகள் கூறும் சான்று

சேலத்திலிருந்து ஆத்தூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் வடபால் சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும், தென்பால் கொல்லிமலையும் பச்சைமலையும் தொடர்ந்து நிற்கின்றன. இடையே வசிட்ட நதி பாயும் சமவெளியில் நெல்லும் மஞ்சளும் மரவள்ளியும் விளைகின்றன. இவ்வட்டாரத்துப் பாறைகள் மிகப் பழைமையானவை. சேலத்திற்கு மேற்கே உள்ள கஞ்சமலையில் கருநிற இரும்புத்தாதும் வெண்ணிறப் படிகக்கல்லும் மாறிமாறி அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவ்வடுக்குகளின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பது நிலவியலாரின் கணிப்பு.

இத்தகைய இரும்பு அடுக்குகள் உலகின் வேறு பல நாடுகளிலும் உள்ளன. அவை பழங்காலக் கடல்களின் அடியில் படிந்து உருவானவை. இன்றைய கடல்நீரில் இரும்பு மிகுதியாகக் கரைந்திருக்க இயலாது. ஆக்சிஜன் அதனைத் துருவாக்கிப் படியவைத்துவிடும். பழங்காலக் கடலில் இரும்பு பெருமளவில் கரைந்திருந்தது எனில், அக்காலக் காற்றில் ஆக்சிஜன் இல்லை, அல்லது மிகக் குறைவாகவே இருந்தது என்பது பெறப்படும். ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்தமைக்கான தடயங்கள் ஆஸ்திரேலியப் பாறைகளில் கிடைத்துள்ளன. எனவே, இன்று நாம் மூச்சுவிடும் காற்று இல்லாத ஓர் உலகில்தான் முதல் உயிர் தோன்றியிருக்க வேண்டும்.

அது தோன்றியதைக் கண்டவர் எவரும் இலர். பாறைகளையும் வேதிவினைகளையும் சான்றாகக் கொண்டு உய்த்துணர்வது ஒன்றே வழி. அவ்வாறு உய்த்துணர்ந்து கூறுவதை எந்த அளவுக்கு ஏற்கலாம், எந்த அளவுக்கு ஐயுறலாம் என்னும் கேள்வி அங்கே எழுகிறது.

மணிமேகலை எழுப்பிய வினா

இக்கேள்வி தமிழ் மரபுக்குப் புதிதன்று. வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள் மணிமேகலை. அவர்களுள் பூதவாதி என்பவனும் ஒருவன். பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டி ஊறவைத்தால் கள்ளின் களிப்புத் தோன்றுவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் கொள்கை. கண்ணால் காண்பதை மட்டுமே சான்றாகக் கொள்வதாகவும் அவன் கூறுகிறான். அவ்வாறாயின், உன் தாயையும் தந்தையையும் உய்த்துணர்வால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்னும் பொருள்பட மணிமேகலை அவனை வினவுகிறாள். தன் பிறப்பைக் கண்டறிந்தவர் எவரும் இலர் என்பதால் அவ்வினா அவனை மடக்கிவிடுகிறது. தோற்றம் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் உய்த்துணர்வு இன்றியமையாதது என்பதை அக்காப்பியம் அன்றே உணர்த்தியது.

பூதவாதி காட்டிய எடுத்துக்காட்டுப் பிற்காலத்தில் வேறொரு வகையில் ஆராயப்பட்டது. ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பிழிந்த மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுவர். காலந்தாழ்த்தினால் அது நுரைத்துப் புளிக்கும். பானையிலுள்ள பழையசோறும் அவ்வாறே புளிக்கிறது. இதற்குக் காரணம் அப்பொருள்களின் இயல்பா, வெளியிலிருந்து புகுந்த உயிர்களா? 1860களில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் இதற்கு விடை கண்டார். கொதிக்கவைத்த நீர்மத்தில் காற்றிலுள்ள தூசியும் நுண்ணுயிரும் புகாமல் காத்தால், அது நெடுநாள் கெடாமலிருப்பதை வளைந்த கழுத்துடைய குடுவைகளால் மெய்ப்பித்தார். உயிரற்றவற்றின் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட புளிப்பே உயிர்களின் செயல் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் ஒரு புதிர் தீர்ந்ததும் மற்றொரு புதிர் பிறந்தது. உயிரிலிருந்தே உயிர் பிறக்கும் எனில், முதல் உயிர் எதிலிருந்து பிறந்தது? இவ்வினாவை வேதியியலின் துணையோடு எதிர்கொண்டவர்களுள் முதன்மையானவர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் ஆவார்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைப் பறிக்கும் வாயுக்களைப் பற்றி ஆராய்ந்தவர். அந்த ஆய்வுகளைத் தம் உடலிலேயே நிகழ்த்திக்கொண்டவர். மகனையும் சிறுவயதிலேயே தம் ஆய்வுகளில் துணையாக்கிக்கொண்டார்.

ஒருமுறை தந்தையுடன் சுரங்கத்திற்குள் சென்ற சிறுவன் ஹால்டேன், தாழ்ந்த கூரையுடைய ஒரு பகுதியில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதியொன்றை ஒப்பிக்குமாறு பணிக்கப்பட்டான். சில வரிகளைச் சொல்வதற்குள் மூச்சுத்திணறிக் கால்கள் தளர்ந்து தரையில் வீழ்ந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு எளிதாக வந்தது. மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது, மேலே தங்குவது என்னும் உண்மையை அவன் உடலே அவனுக்குக் கற்பித்தது. சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல் சோதித்து அறிவது என்னும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

ஆக்ஸ்போர்டில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்ற ஹால்டேன், அறிவியலில் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றினார். 1915இல் நச்சுவாயுத் தாக்குதல் தொடங்கியபோது, தந்தையுடன் இணைந்து குளோரின் வாயுவைத் தாமே முகர்ந்து முகமூடிகளின் திறனைச் சோதித்தார். பின்னர் மெசபடோமியாவில் காயமுற்று, உடல்நலம் தேறுவதற்காக இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின் மீது அவருக்குப் பற்று ஏற்பட்டது. ஆயினும், ஆள்வோரும் ஆளப்படுவோருமாகப் பிரிந்துகிடந்த நிலை அவரை வருத்தியது. இந்தியருடன் சமநிலையில் பழக இயலும் காலத்திலேயே மீண்டும் வருவது என்று உறுதிபூண்டார். அவ்வுறுதி நிறைவேற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

1929ஆம் ஆண்டுக் கட்டுரை

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் பணியேற்ற ஹால்டேன், நொதிகளின் செயல்வேகத்தைக் கணித வாய்பாட்டில் அடக்கினார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையையும் மெண்டலின் மரபுவழிக் கொள்கையையும் கணிதத்தால் இணைத்த மூவருள் ஒருவராகவும் விளங்கினார். ரொனால்டு ஃபிஷர், சீவால் ரைட் ஆகியோர் மற்ற இருவர்.

1929இல் இங்கிலாந்தின் பகுத்தறிவாளர் ஆண்டிதழ் ஒன்றில் உயிரின் தோற்றம் குறித்து அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தொடக்ககாலப் புவியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை. எனவே சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலமும் இல்லை. நீரிலும் கரியமில வாயுவிலும் அம்மோனியாவிலும் அக்கதிர்கள் பட்டபோது சர்க்கரைகளும் புரதங்களின் கூறுகளும் ஒத்த பல கரிமச் சேர்மங்கள் உருவாயின. இன்று அத்தகைய பொருள்கள் உருவானால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று அழித்துவிடும். அன்று தின்பதற்கு உயிர் எதுவும் இல்லாமையால் அவை கடலில் சேர்ந்துகொண்டே வந்தன. கடலே வெதுவெதுப்பான, நீர்த்த குழம்பு போலாயிற்று. அக்குழம்பில் தன்னைத்தானே படியெடுக்கும் மூலக்கூறுகள் தோன்றின. நெடுங்காலத்திற்குப் பின் உயிரணு தோன்றியது. இதுவே அக்கட்டுரையின் சாரம்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அப்போது அண்மையில்தான் கண்டறியப்பட்டிருந்தன. உயிருக்கும் உயிரின்மைக்கும் இடைப்பட்டவை போல் விளங்கிய அவற்றை ஹால்டேன் தம் கருத்துக்குத் துணையாகக் கொண்டார். ஆயினும் தம் கருத்து ஊகமே என்பதையும், ஆய்வகத்தில் உயிர் உருவாக்கப்படும் வரை அது ஊகமாகவே இருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இதனை ஒத்த கருத்தை ரஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் ஓப்பாரின் 1924இலேயே ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே திசையில் சிந்தித்திருந்தனர்.

கிடைத்த சான்றும் எஞ்சிய ஐயமும்

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அக்கருத்து சோதனைக்கு உட்படாமலே இருந்தது. 1953இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஹெரால்ட் யூரியின் மாணவரான ஸ்டான்லி மில்லர், கண்ணாடிக் குடுவையில் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை அடைத்து மின்பொறியைப் பாய்ச்சினார். சில நாள்களில் நீர் நிறம் மாறியது. அதில் புரதங்களின் கட்டுமானப் பொருள்களாகிய அமினோ அமிலங்கள் சில இருந்தன. உலகமே வியந்தது. உயிரின் புதிர் விடுபட்டுவிட்டது என்று எண்ணியவர் பலர்.

ஹால்டேன் அவ்வாறு எண்ணவில்லை. செங்கல் கிடைத்தது என்பதால் வீடு எழும்பிவிட்டது என்று ஆகாது. 1954இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில், உயிரின் தோற்றம் குறித்து நான்கு கருதுகோள்களை வரிசைப்படுத்தினார். உயிருக்குத் தொடக்கமே இல்லை, அது பொருளைப் போலவே என்றும் உள்ளது என்பது முதலாவது. இயற்கைக்கு அப்பாற்பட்ட ஓர் ஆற்றலால் புவியில் உயிர் தோன்றியது என்பது இரண்டாவது. சாதாரண வேதிவினைகள் படிப்படியாக வளர்ந்து உயிராயின என்பது மூன்றாவது. நிகழ்தகவு மிகக் குறைந்த ஒரு நிகழ்ச்சி, போதிய காலமும் போதிய பொருளும் இருந்தமையால் நிகழ்ந்தே தீர்ந்தது என்பது நான்காவது. ஹால்டேன் பொருள்முதல்வாதி, கடவுள் நம்பிக்கை அற்றவர். இருந்தும் தமக்கு உடன்பாடில்லாத கருதுகோளைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. சான்று வரும்வரை எல்லா வாயில்களும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் முறை.

குழம்புக் கொள்கையின் மீது பின்னர் எழுந்த ஐயங்கள் பல. தொடக்ககாலக் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் மிகுந்திருந்தனவா, எரிமலைகள் உமிழ்ந்த கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுந்திருந்தனவா என்பது ஒன்று. பரந்த கடலில் கரைந்த பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரியும் அளவுக்கு எவ்வாறு செறிந்தன என்பது மற்றொன்று. அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. மில்லரின் குடுவையில் இரண்டும் சமமாகக் கிடைத்தன. உயிர்களின் புரதங்களிலோ இடக்கை வடிவமே உள்ளது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதும் விடை காணவேண்டிய வினாவாகவே உள்ளது.

இவ்வையங்களை எழுப்பியவர்களுள் பெரும்பாலோர் அறிவியலாரே. கொள்கையை மறுப்பதற்காக மட்டும் அவர்கள் ஐயுறவில்லை. எந்தச் சான்று கிடைத்தால் தம் ஐயம் தீரும் என்பதையும் அவர்கள் கூறினர். தீர்வதற்கு வழி சொல்லும் ஐயம் ஆராய்ச்சியை வளர்க்கிறது. எந்தச் சான்றுக்கும் இணங்காத ஐயமோ மாறுவேடமிட்ட முடிவேயாகும். ஒரு வினாவுக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பது, வேறொரு விடை சரி என்பதற்குச் சான்றாகவும் ஆகாது.

எல்லாக் கருதுகோளும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. தலசீமியா என்னும் குருதிநோயின் மரபணுவை ஒற்றையாகப் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கலாம் என்று 1949இல் ஹால்டேன் ஊகித்தார். 1954இல் ஆப்பிரிக்காவில் அந்தோணி ஆலிசன் என்னும் மருத்துவ அறிஞர், அரிவாளணுச் சோகையின் மரபணுவுக்கு அத்தகைய தொடர்பு இருப்பதைக் காட்டினார். நோயாளிகளைக் கண்டு, குருதியைச் சோதித்துக் காட்ட இயன்ற உண்மை அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை அவ்வாறு காட்ட இயலாது. ஆகவே, அங்கே கூற்றில் அடக்கமும் ஆய்வில் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன.

ஐயுறத் தவறிய காலம்

பிறர் கருத்தை ஐயுறுவது எளிது. தாம் சார்ந்த அணியின் கருத்தை ஐயுறுவது அரிது. ஹால்டேனும் இதற்கு விலக்கல்லர். 1930களில் பாசிசத்தின் எழுச்சியைக் கண்டு இடதுசாரி இயக்கத்தின் பக்கம் சாய்ந்த அவர், 1942இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார். அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோ என்னும் வேளாண்மையாளர், மெண்டலின் மரபியலை மறுத்து, அரசின் ஆதரவோடு தம் கொள்கையை நிலைநாட்டிவந்தார். மரபியலை ஆதரித்த அறிஞர்கள் பதவி இழந்தனர், சிலர் சிறைப்பட்டனர். உலகப் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞர் நிக்கோலாய் வாவிலோவ் 1943இல் சிறையிலேயே மாண்டார். 1928இல் ஹால்டேனைத் தம் நாட்டிற்கு அழைத்துச் சிறப்பித்தவர் அந்த வாவிலோவ்தான்.

1948இல் சோவியத் அரசு லைசென்கோவின் கொள்கைக்கே முழு ஒப்புதல் அளித்தபோது, மரபியலில் தலைசிறந்தவராகிய ஹால்டேன் உடனடியாகவும் வெளிப்படையாகவும் கண்டிக்கவில்லை. லைசென்கோவின் கூற்றுகளில் சிலவற்றில் உண்மை இருக்கக்கூடும் என்று தயங்கிப் பேசினார். உடன் பணியாற்றிய அறிவியலார் பலர் அவரிடம் ஏமாற்றம் கொண்டனர். 1950ஆம் ஆண்டையொட்டி அவர் கட்சியிலிருந்து விலகினார். நான்கு கருதுகோள்களையும் ஒரே தராசில் நிறுத்த வல்ல அறிஞர், தம் பற்றுக்குரிய ஒன்றை நிறுக்கத் தயங்கிய காலம் அது. அறிவும் துணிவும் மிக்கவர்க்கும் பற்று கண்ணை மறைக்கும் என்பதற்கு அவர் வாழ்வின் இப்பகுதி சான்றாக நிற்கிறது. அவர் வாழ்வைக் கூறுவோர் இதனை விலக்கிச் செல்வதற்கில்லை.

இந்திய மண்ணில்

1957இல் ஹால்டேனும் அவர் மனைவியாகிய உயிரியல் அறிஞர் ஹெலன் ஸ்பர்வேயும் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்தனர். எகிப்தின் சூயஸ் கால்வாய் மீது பிரிட்டன் தொடுத்த தாக்குதலை ஏற்க இயலாமை அதற்கு ஒரு காரணம் என அவர் அறிவித்தார். பேராசிரியர் மகலனோபிஸ் கொல்கத்தாவில் நிறுவியிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். இந்திய உடை உடுத்தார். புலால் உண்ணாமையை மேற்கொண்டார். இந்திய நூல்களை ஆர்வத்துடன் பயின்றார். சென்னையிலிருந்து வெளிவரும் இந்து நாளிதழில் பொதுமக்களுக்காக அறிவியல் கட்டுரைகளையும் எழுதினார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்பதற்காக இந்திய மாணவர்கள் ஆய்வைக் கைவிடலாகாது என்பது அவர் கருத்து. கண்ணும் கையும் பொறுமையும் எண்ணும் திறனும் இருந்தால் போதும் என்று அவர் கற்பித்தார். அவர் வழிகாட்டுதலில், உண்ணிச்செடியின் எந்த நிறப் பூக்களை எந்த வண்ணத்துப்பூச்சிகள் நாடுகின்றன என்பதைக் கிருஷ்ண துரோணம்ராஜு ஆராய்ந்தார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடஞ்சுழியாகவும் சில மரங்களில் வலஞ்சுழியாகவும் அமைவதை டி. ஏ. டேவிஸ் ஆயிரக்கணக்கான மரங்களைக் கண்டு கணக்கிட்டார். வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் செய்யத்தக்க ஆய்வுகள் அவை. உலக ஆய்விதழ்கள் அவற்றை ஏற்று வெளியிட்டன.

நிறுவனத் தலைமையோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1961இல் அவர் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஒடிசா மாநிலத்தின் தலைநகராகிய புவனேசுவரத்தில், அம்மாநில அரசின் ஆதரவோடு மரபியல், உயிரளவியல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அதுவே அவரது இறுதிப் பணியிடமாயிற்று.

இருவர் சந்தித்தபோது

1963ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வக்குல்லா ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், உயிரின் தோற்றம் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. ஓப்பாரினும் ஹால்டேனும் அங்கே சந்தித்தனர். உலகம் இக்கொள்கைக்கு இருவர் பெயரையும் இணைத்தே வழங்கிவந்தது. முதலில் வெளியிட்டவர் என்னும் பெருமை ஓப்பாரினுக்கே உரியது என்பதை ஹால்டேன் அவையறிய ஒப்புக்கொண்டார். புகழுக்காகச் சண்டையிட்டுக்கொண்ட அறிஞர் பலரைக் கண்ட அறிவியல் வரலாற்றில் இது நினைக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

அக்கருத்தரங்கில் அவர் அளித்த கட்டுரை, முதல் உயிரின் வரைபடத்தை எழுதுவதற்கு எந்தத் தரவுகள் தேவை என்பதைப் பற்றியது. தம் கொள்கை வென்றுவிட்டது என்று அவர் கூறவில்லை. இன்றுள்ள மிக எளிய உயிருக்கும் ஏராளமான மரபுச் செய்திகள் தேவைப்படுகின்றன. அவ்வளவும் தற்செயலாக ஒன்றுகூடியது என்பது நம்புதற்கரியது. அவ்வாறாயின், முதல் உயிர் இன்றைய உயிர்களைவிட மிக மிக எளியதாக இருந்திருக்க வேண்டும். ஒரு நொதியைக் குறிக்கும் ஒரே ஒரு ஆர்.என்.ஏ. மரபணுவாகவும் அது இருந்திருக்கலாம் என்று அவர் கருதினார். எத்துணைச் செய்தியிருந்தால் உயிர் தொடங்கும் என்பதைக் கணக்கிடத் தேவையான அளவீடுகளை வேதியியலாரிடம் வேண்டினார். ஐயத்தை அழகிய சொற்களால் மூடாமல், அளக்கத்தக்க வினாவாக மாற்றினார்.

பின்னாளில் ஆர்.என்.ஏ. மூலக்கூறு செய்தியைச் சுமப்பதோடு நொதி போலவும் செயல்பட வல்லது என்பதைத் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகிய இருவர் கண்டறிந்தனர். 1989இல் அவர்களுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹால்டேன் சுட்டிய திசைக்கு அது வலுச்சேர்த்தது. எனினும் ஆர்.என்.ஏ. முதன்முதலில் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா இன்னும் ஆராயப்பட்டே வருகிறது. 1977இல் ஆழ்கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்ட பின், உயிர் அங்கே தோன்றியிருக்கலாம் என்னும் மாற்றுக் கருத்தும் வலுப்பெற்றது.

இறுதி நாள்கள்

அந்த அமெரிக்கப் பயணத்தின்போதே ஹால்டேனுக்கு நோயின் அறிகுறி தென்பட்டது. இலண்டனில் குடற்புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே தம் நோயைப் பற்றி நகைச்சுவை மிக்க கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார். அறிகுறி கண்டவர்கள் அஞ்சி மறைக்காமல் விரைந்து மருத்துவரை நாட வேண்டும் என்பது அதன் நோக்கம். தமக்கான இரங்கலுரையைத் தாமே பேசிப் பிபிசி நிறுவனத்திற்காகப் பதிவுசெய்தும் வைத்தார். பின்னர்ப் புவனேசுவரம் திரும்பித் தம் பணியைத் தொடர்ந்தார்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி அவரது உடல் ஆந்திர மாநிலம் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் கல்விக்காக வழங்கப்பட்டது. சிறுவனாய்ச் சுரங்கத்தில் ஆய்வுக்கு அளித்த உடலை, இறந்த பின்னரும் ஆய்வுக்கே அளித்துச் சென்றார்.

உயிர் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்கு ஹால்டேன் தந்த விடை இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. அதன் சில பகுதிகள் நிலைத்துள்ளன; சில பகுதிகள் மாற்றப்பட்டுள்ளன. ஆனால், அவ்வினாவை ஆய்வகத்திற்குள் கொண்டுவந்த பெருமை அவருக்கும் ஓப்பாரினுக்கும் உண்டு. தம் கொள்கையையும் பிறர் கொள்கையோடு ஒருசேர நிறுத்தி எடைபோட்ட நேர்மை, அவர் அறிவியலுக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

உயிரின் தோற்றமும் உயிர்களின் பரிணாமமும் வெவ்வேறு வினாக்கள். முதல் உயிர் எவ்வாறு வந்தது என்பது முன்னது. வந்த உயிர் எவ்வாறு பல்வகையாகப் பெருகியது என்பது பின்னது. முன்னதற்கு முழுமையான விடை இல்லை. பின்னதற்குப் புதைபடிவங்களும் மரபணுக்களும் ஏராளமான சான்றுகளைத் தருகின்றன. ஒன்றைப் பற்றிய ஐயம் மற்றொன்றைப் பற்றிய ஐயமாகாது.

1960களில் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ண பகதூர், வேதிப்பொருள்களின் கரைசலைச் சூரிய ஒளியில் வைத்து நுண்ணிய உருண்டைகளை உருவாக்கி, அவற்றை 'ஜீவாணு' என அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரும் இலங்கையில் பிறந்தவருமான சிரில் பொன்னம்பெரும அப்போது அமெரிக்காவின் நாசா ஆய்வு மையத்தில் பணியாற்றினார். அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் அச்சோதனைகளை ஆராய்ந்து, அவ்வுருண்டைகளை உயிருள்ளவை எனக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்று தெரிவித்தனர். பின்னர் 1970இல், ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைப் பொன்னம்பெருமவின் குழு கண்டறிந்தது.

கற்பவை கற்றபின்…

1. பழையசோறு, இட்லி மாவு, மோர் ஆகியவை புளிப்பதைச் சில நாள்கள் உற்றுநோக்கி, கண்டதையும் உய்த்துணர்ந்ததையும் தனித்தனியே பட்டியலிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள தென்னை மரங்களுள் இடஞ்சுழி, வலஞ்சுழி மரங்கள் எத்தனை என எண்ணி, வகுப்பறையில் தொகுத்து ஒப்பிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பூதவாதியிடம் மணிமேகலை எழுப்பிய வினாவின் பொருள் யாது?
2. கஞ்சமலையின் இரும்பு அடுக்குகள் தொடக்ககாலக் காற்றைப் பற்றி உணர்த்துவது என்ன?

சிறுவினா
1. உயிரின் தோற்றம் குறித்து ஹால்டேன் வரிசைப்படுத்திய நான்கு கருதுகோள்களை எழுதுக.
2. ஆராய்ச்சியை வளர்க்கும் ஐயத்திற்கும் முடிவை மறைத்துவைக்கும் ஐயத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா
1. லைசென்கோ நிகழ்வையும் வக்குல்லா ஸ்பிரிங்ஸ் கருத்தரங்கையும் ஒப்பிட்டு, ஹால்டேனின் அறிவியல் நேர்மையை மதிப்பிடுக.